சாங்கி – நியூயார்க் 15,349 கிமீ, வேகம் 900... அப்ப 17 மணி நேரம்தானே வரணும்?

தேக்கா தம்பி | 2 மார்ச் 2025, காலை 9:12

ஒரு சந்தேகம். சிங்கப்பூர் சாங்கியிலேர்ந்து நியூயார்க்கோட ஜேஎஃப்கே விமான நிலையம் 15,349 கிமீன்னு கூகுள் காட்டுது. விமானம் மணிக்கு 900 கிமீ போகுது. வகுத்தா 17 மணி நேரம். டிக்கெட்ல மட்டும் 18 மணி 40 நிமிஷம்னு போட்டிருக்கு. மிச்சம் ஒன்றரை மணி நேரம் எங்க போச்சு? இன்னொண்ணு, பூமி கிழக்கால சுத்துது, அப்ப மேற்கால பறந்தா நியூயார்க் நம்மளை நோக்கி வரணும்ல, சீக்கிரம் போயிடலாமே? ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு, பதில் சொல்ல மாட்றாரு. அக்டோபர்ல ஒரு கல்யாணத்துக்குப் போகணும், அதான்.

உலக உருண்டை | 2 மார்ச், காலை 11:05

சிரிச்சவருக்கும் பதில் தெரிஞ்சிருக்காது, விடுங்க. பூமி சுத்தறப்போ காத்து மண்டலமும் கூடவே சுத்துது. சாங்கி ரன்வேல சும்மா நிக்கிற விமானமே கிட்டத்தட்ட மணிக்கு 1,670 கிமீ வேகத்துல கிழக்கால போயிட்டுதான் இருக்கு, ஏன்னா நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம். மேல ஏறினதும் அந்த வேகம் எங்கயும் போயிடாது. அதனால நியூயார்க் நம்மளைத் தேடி வராது, நாமதான் போகணும்.

உலக உருண்டை | 2 மார்ச், காலை 11:31

அந்த ஒன்றரை மணி நேரம். டிக்கெட்ல போடறது பறக்கற நேரம் இல்ல, கேட்லேர்ந்து நகர்ந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைச்சலா இருக்கறது, ஜேஎஃப்கே மேல வரிசையில காத்திருக்கறது, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். போதாததுக்கு கொஞ்சம் கூட்டித்தான் போடுவாங்க, பத்து நிமிஷம் முன்னாடி வந்தா நமக்கும் சந்தோஷம் அவங்களுக்கும் பேரு.

ஆனா நிஜமான பதில் காத்து. அதை ராத்திரி எழுதறேன், இப்ப மார்க்கெட்டுக்குப் போகணும்.

உலக உருண்டை | 2 மார்ச், இரவு 10:48

15,349ங்கறது ரெண்டு ஊருக்கும் நடுவுல பூமி மேல போடக்கூடிய ஆகக் குட்டைக் கோடு. அந்தக் கோட்டுல யாரும் அப்படியே பறக்கறது இல்ல. வீட்ல உருண்டை இருந்தா ஒரு நூல் எடுத்து சிங்கப்பூர்ல ஒரு முனை, நியூயார்க்ல ஒரு முனை வெச்சு இறுக்கிப் பாருங்க. சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி. கூட்டினா 178. அதாவது ரெண்டும் உருண்டையோட கிட்டத்தட்ட நேரெதிர் தீர்க்க ரேகையில இருக்கு. நூல் நேரா மேல ஏறி வட துருவத்தைத் தொட்டா மாதிரி போய் அந்தப் பக்கம் இறங்கும். நான் செஞ்சப்ப நூல் வழுக்கி வழுக்கி ஒரு தடவை ஜப்பான் பக்கம் சாஞ்சுது, இன்னொரு தடவை ஐரோப்பா பக்கம். முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் உறைச்சுது, விஷயமே அதுதான். துருவத்துக்கு இந்தப் பக்கமா போனாலும் அந்தப் பக்கமா போனாலும் தூரத்துல பெரிய வித்தியாசம் வராது, அதனால எந்தப் பக்கம் போறதுங்கறதை காத்து முடிவு பண்ணுது.

வடக்குல மேற்கேயிருந்து கிழக்கே ஓடற ஜெட் காத்து இருக்கே, குளிர்காலத்துல ஜப்பானுக்கு மேல அது ரொம்ப பலமா அடிக்கும். சிங்கப்பூர்லேர்ந்து போறவன் பசிபிக் பக்கம் போய் அதை முதுகுல வாங்கிக்கறான். அலாஸ்கா பக்கம் தொட்டு, கனடா வழியா கீழ இறங்கறான். திரும்பி வர்றப்போ அதே வழியில வந்தா காத்து நெஞ்சுல அடிக்கும். அதனால நிறைய நாள் அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா வழியா, அதுவும் கிழக்கு நோக்கியே வர்றாங்க. போறதும் கிழக்கே, வர்றதும் கிழக்கே. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தா பூமியை ஒரு முழுச் சுத்து சுத்திட்டு வீட்டுக்கு வர்றீங்க. இதை அக்கா பையன்கிட்ட சொன்னேன், ‘ஸோ வாட் மாமா’ன்னுட்டான்.

உலக உருண்டை | 3 மார்ச், காலை 7:20

தம்பியோட மேற்கு யோசனைக்கு ஒரு வார்த்தை, ராத்திரி தூங்கும்போது தோணுச்சு. பூமி சுத்தறது நேரடியா உதவாதே தவிர அந்த ஜெட் காத்து பிறக்கறதுக்கே பூமி சுத்தறதுதான் ஒரு காரணம். சூட்டுல மேல கிளம்பற காத்து துருவப் பக்கம் நகரும்போது சுழற்சியால கிழக்கு நோக்கித் திரும்பிடுது. ஆக சுழற்சி உதவுது, ஆனா நீங்க சொன்னதுக்கு நேர் எதிர் திசையில. கிழக்கே போறவனுக்குத்தான் லாபம். 2020 பிப்ரவரியில சியாரா புயல் அடிச்சப்போ நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு 4 மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு. சாதாரணமா ஆறரை ஏழு மணி நேரம் ஆகற வழி அது.

உலக உருண்டை | 3 மார்ச், மதியம் 1:02

‘நான்-ஸ்டாப் 2018லதான் வந்துச்சு’ன்னு ‘பழைய பயணி’ எழுதியிருக்கார். இல்ல அண்ணே, 2004 ஜூன்லயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கத்துல இருக்கற நேவார்க்குக்கு விட்டுட்டாங்க. ஏர்பஸ் ஏ340-500, நாலு இன்ஜின். எண்ணெய் விலை ஏற ஏற அந்த நாலு இன்ஜினுக்குத் தீனி போட்டு மாளல, 2008ல எல்லா சீட்டையும் பிசினஸ் வகுப்பா மாத்தி 100 சீட்டோட ஓட்டிப் பாத்தாங்க, 2013 நவம்பர்ல நிறுத்தினாங்க. 2018 அக்டோபர்ல திரும்பி வந்தது ஏ350-900 யூஎல்ஆர் (ரொம்ப நீண்ட தூரத்துக்குன்னே செஞ்ச வகை), ரெண்டே இன்ஜின். ஜேஎஃப்கே நேரடி சேவை 2020 நவம்பர்ல, கொரோனா நடுவுல, ஊரே கதவைச் சாத்திட்டு இருந்தப்போ.

அந்த ஏ340ல நடுவழியில யாராவது இறந்துட்டா உடம்பை வைக்க தனியா ஒரு அலமாரி வெச்சிருந்தாங்க. நிஜம்தான், பத்திரிகையிலயே வந்துச்சு. அம்மாகிட்ட மட்டும் இதை யாரும் சொல்லிடாதீங்க.

உலக உருண்டை | 3 மார்ச், இரவு 9:40

எரிபொருள் கணக்குதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம். சாதாரண ஏ350-900ல 1,41,000 லிட்டர் பிடிக்கும், யூஎல்ஆர்ல 1,65,000. டேங்க் முழுக்க ரொப்பினா எடை கிட்டத்தட்ட 130 டன். தரையை விட்டு எழும்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆளு, பெட்டி, சாப்பாடு, விமானத்தோட சொந்த இரும்பு தகரம் எல்லாம் மிச்ச பாதியில. இதுல கொடுமை, கடைசி நாலு மணி நேரத்துக்குத் தேவையான எண்ணெயைத் தூக்கிட்டுப் போறதுக்கே முதல் பதினாலு மணி நேரமும் எண்ணெய் எரியணும். தூரம் கூடக் கூட செலவு அதே விகிதத்துல ஏறாது, அதைவிட வேகமா ஏறும். அதனாலதான் 161 சீட்டோட நிறுத்திட்டாங்க, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. முன்பக்க சரக்கு அறையே பயன்பாட்டுல இல்ல.

சாதா எகானமி கிடையவே கிடையாது. தம்பி, கல்யாணத்துக்கு பட்ஜெட் போடும்போது இதைத்தான் முதல்ல பாக்கணும்.

உலக உருண்டை | 5 மார்ச், காலை 8:15

‘தஞ்சாவூர் தாத்தா’ கேட்டிருக்கார், சென்னையிலேர்ந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழியா வந்தா லாபமான்னு. தூரக் கணக்குல இல்லவே இல்ல ஐயா. சென்னை – ஜேஎஃப்கே நேர்கோடு சுமார் 13,500 கிமீ. நீங்க முதல்ல 2,900 கிமீ எதிர்த் திசையில இங்க வந்து, அப்புறம் 15,349 போகணும். மூக்கைத் தலையைச் சுத்தித் தொடற வேலை. தோஹா, லண்டன், ஃப்ராங்ஃபர்ட் எல்லாம் வழியிலயே இருக்கு. பேத்தியைப் பாக்க இங்க பத்து நாள் தங்கிட்டுப் போறீங்கன்னா அது வேற, தாராளமா வாங்க.

உலக உருண்டை | 5 மார்ச், இரவு 11:50

தாத்தாவுக்குப் பதில் எழுதினதுலேர்ந்து ஒண்ணு உறுத்திட்டே இருக்கு. எங்கம்மாவை நியூஜெர்சி எடிசன்ல இருக்கற அக்கா வீட்டுக்கு அனுப்பினப்போ நானும் இதே கிலோமீட்டரைத்தான் பாத்தேன். நான்-ஸ்டாப், குறைஞ்ச தூரம், குறைஞ்ச நேரம், வேற என்ன வேணும்னு. அம்மாவுக்கு முழங்கால் வலி. பதினோராவது மணி நேரத்துல என்ன ஆகும்னு எந்த வெப்சைட்லயும் போடறதில்ல. கூடப் போனதால சொல்றேன். விளக்கெல்லாம் அணைச்சிருக்கும், ஜன்னல் எல்லாம் இருட்டாக்கியிருக்கும். அம்மா செருப்பைக் கழட்டி வெச்சுட்டு காலைத் தூக்கி என் பை மேல வெச்சுக்கிட்டு திரையில அந்தக் குட்டி விமானப் படத்தையே பாத்துட்டிருந்தாங்க. அது அலாஸ்காவை ஒட்டின அலூஷியன் தீவுகள் பக்கம் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுச்சு. கீழ 1,060 கிமீ வேகம்னு போட்டிருக்கான், படம் நகரல. ‘இது ஓடுதாடா, நிக்குதாடா?’ன்னாங்க. அதுக்கப்புறம் பின்னாடி சாப்பாடு எடுத்து வைக்கிற இடத்துப் பக்கம் போய் நின்னோம், அங்க வேற யாரோட அம்மாவோ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிட்டிருந்தாங்க, ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. முறுக்கு பொட்டலம் பிரிஞ்சுது. சிப்பந்திப் பொண்ணும் ஒண்ணு எடுத்துக்கிச்சு.

திரும்பி வர்றப்போ ஃப்ராங்ஃபர்ட் வழி. நேரம் அஞ்சாறு மணி கூட. ஆனா நடுவுல ரெண்டு மணி நேரம் நடந்தாங்க, பாத்ரூம்ல நிம்மதியா முகம் கழுவினாங்க, ஒரு காபி குடிச்சாங்க (திட்டிக்கிட்டே). வீடு வந்து சேர்ந்தப்போ கால் வீக்கம் கம்மியாத்தான் இருந்துச்சு. நேரடியா போறதுதான் நல்லதுன்னு இப்ப என்னால அடிச்சுச் சொல்ல முடியல.

உலக உருண்டை | 6 மார்ச், காலை 6:58

ஃப்ராங்ஃபர்ட் வழின்னதும் ‘எவ்வளவு சுத்து’ன்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. ரெண்டு பாதியையும் கூட்டினா சுமார் 16,500 கிமீ. நேர்கோட்டைவிட 1,100, 1,200தான் கூட. நூல் ஐரோப்பா பக்கம் சாஞ்சுதுன்னு எழுதினேனே, அதே கதைதான். எகானமி சீட்டும் இதுல உண்டு.

உலக உருண்டை | 7 மார்ச், மாலை 6:30

‘நாகூர் நானா’ நோன்புல பயணம் போறாராம், மதியம் கிளம்பற விமானம், எப்ப திறக்கறதுன்னு கேக்கறார். மார்க்கம் சம்பந்தமா உஸ்தாதைத்தான் கேக்கணும். நேரக் கணக்கு மட்டும் நான் சொல்றேன். கிழக்கே போறதால சூரியன் உங்களுக்கு எதிர்ப் பக்கம் ஓடும், பகல் சுருங்கிடும். இங்க இப்ப மஃரிப் (சூரியன் மறையற நேரம்) ஏழே கால் வாக்குல. விமானத்துல ஜப்பான் பக்கம் நெருங்கும்போது சிங்கப்பூர் மணிக்கு அஞ்சு, அஞ்சேகாலுக்கெல்லாம் இருட்டிடும். ரெண்டு மணி நேரம் மிச்சம். ஆனா ஸஹரும் (விடியறதுக்கு முன்னாடி சாப்பிடற நேரம்) அதே வேகத்துல ஓடி வரும், ஏழு எட்டு மணி நேரத்துல அடுத்த விடியல். அலாரத்தை நம்பாதீங்க, ஜன்னலைப் பாருங்க, இல்ல சிப்பந்திகிட்ட சொல்லி வைங்க.

உலக உருண்டை | 7 மார்ச், இரவு 10:10

நோன்புன்னதும் எங்க வீட்டுப் பஞ்சாயத்து ஞாபகம் வருது. அம்மாவுக்கு செவ்வாய்க்கிழமை விரதம். நியூயார்க்ல திங்கள் ராத்திரி பத்தரைக்கு ஏறினா சாங்கியில புதன் விடியக்காலம் இறங்கறோம். செவ்வாய் முழுக்க ஆகாசத்துலயே வந்து அங்கயே போயிடுது. எந்த ஊர் செவ்வாயைக் கணக்குல எடுக்கறதுன்னு அம்மா கேட்டாங்க. அதே போகும்போது பாருங்க, திங்கள் மதியம் கிளம்பி, நடுவுல ஒரு ராத்திரி வந்து விடிஞ்சு, தேதிக்கோட்டைத் தாண்டினதால மறுபடி திங்கள், அதே திங்கள் சாயங்காலம் இறங்கறோம். எங்க தெரு ஐயர்கிட்ட போன்ல கேட்டதுக்கு, ‘முருகனுக்கு எல்லா ஊர் டைமும் தெரியும், பசிச்சா சாப்பிடச் சொல்லுங்கோ’ன்னார். இதைவிடத் தெளிவா ஏர்லைன்ஸ்காரன்கூடச் சொல்ல மாட்டான்.

உலக உருண்டை | 10 மார்ச், காலை 9:00

நேத்து அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. இதுவரைக்கும் நமக்கும் நியூயார்க்குக்கும் 13 மணி வித்தியாசம், இனிமே நவம்பர் ஆரம்பம் வரைக்கும் சரியா 12. முள்ளு வெச்ச கடிகாரம் கட்டறவங்களுக்கு ஒரு வசதி, திருப்பவே வேண்டாம், காலை மாலை மட்டும் மாறும். தம்பி போற கல்யாணம் அக்டோபர்ல, அப்பவும் 12தான். அக்காவுக்கு ராத்திரி போன் பண்ற பழக்கம் உள்ளவங்க இந்த ஒரு வாரம் ஜாக்கிரதை, நான் பண்ணின நேரத்துல அவ ஆபீஸ் மீட்டிங்ல இருந்தா, வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

உலக உருண்டை | 10 மார்ச், இரவு 8:44

‘லண்டன் – சிட்னிதான் உலகத்துலயே நீளம்’னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். அது இன்னும் வரல. ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் திட்டம் போட்டிருக்காங்க, சுமார் 17,000 கிமீ, ஏ350-1000ல. 2019 அக்டோபர்ல நியூயார்க்லேர்ந்து சிட்னிக்கு 49 பேரை மட்டும் ஏத்திக்கிட்டு சோதனையா ஒண்ணு பறந்தாங்க, 19 மணி 16 நிமிஷம். அது டிக்கெட் விக்கிற சேவை இல்ல. இன்னிக்கு வழக்கமா ஓடற பயணிகள் சேவையில நம்ம ஜேஎஃப்கேதான் முதல்ல. பெர்த் – லண்டன் சுமார் 14,500.

சாதனைக்காகப் பறந்ததை எடுத்தா 2005 நவம்பர்ல போயிங் 777-200எல்ஆர் ஹாங்காங்லேர்ந்து லண்டனுக்கு வேணும்னே கிழக்கால சுத்திப் போச்சு, 21,602 கிமீ, 22 மணி 42 நிமிஷம். நேரா போயிருந்தா அதுல பாதிக்கும் கம்மி.

உலக உருண்டை | 12 மார்ச், இரவு 11:25

இலங்கையிலேர்ந்து ‘காலி கோட்டை’ அண்ணன் கேட்டிருக்கார், யுத்த காலத்துல பெர்த்லேர்ந்து கொக்கலைக்கு நேரா விமானம் வந்துச்சாமேன்னு. ஆமா, அது நிஜம். 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்காரன்கிட்ட விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த வான்வழி அறுந்துபோச்சு. 1943லேர்ந்து குவாண்டாஸ்காரங்க பெர்த்லேர்ந்து உங்க ஊர் பக்கத்துல இருக்கற கொக்கலை ஏரிக்கு கேட்டலினா மிதக்கும் விமானத்துல நேரா வந்தாங்க. தூரம் சுமார் 5,600 கிமீதான், நேரம் 27லேர்ந்து 33 மணி வரைக்கும். மூணு பயணி, கொஞ்சம் தபால், மிச்சமெல்லாம் எண்ணெய். ஜப்பான்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு ரேடியோவை அணைச்சு வெச்சு, நட்சத்திரத்தைப் பாத்து வழி பிடிச்சாங்க. ஒரே பயணத்துல ரெண்டு சூரியோதயம் பாத்ததுக்கு சான்றிதழ் கொடுத்தாங்க. அவங்க 32 மணி நேரத்துல போன தூரத்தை இன்னிக்கு ஏழு மணி நேரத்துல போயிடலாம்.

அம்மா முழங்காலை வெச்சு நான் புலம்பினதை அந்த மூணு பயணி படிச்சா துப்புவாங்க.

உலக உருண்டை | 13 மார்ச், காலை 7:45

‘நடுக்கடல்ல இன்ஜின் நின்னா?’ பயம் நியாயம்தான். ஒரு இன்ஜின்ல எவ்வளவு நேரத்துல ஒரு விமான நிலையத்தை எட்டணும்னு விதி இருக்கு, ஏ350க்கு 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி உண்டு. அதனால வழி போடும்போதே ஒதுங்கறதுக்கு இடம் பாத்துத்தான் போடுவாங்க. இறங்கினதுக்கு அப்புறம்தான் கஷ்டம். 2023 ஜூன்ல டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறுல ரஷ்யாவோட மகதான்ல இறங்குச்சு, 216 பயணிகள். சின்ன ஊரு, தங்கறதுக்கு ஓட்டல் போதல, பள்ளிக்கூடம் மாதிரி இடங்கள்லயெல்லாம் தங்க வேண்டியதாப் போச்சு, ரெண்டு நாள் கழிச்சு வேற விமானம் வந்துதான் கூட்டிட்டுப் போச்சு. கைப்பையில மாத்திரையும் ஒரு செட் துணியும் வைங்கன்னு நான் எல்லாரையும் நச்சரிக்கறது இதுக்குத்தான்.

வான்வெளியை மூடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க பின்லாந்தோட ஃபின்ஏரைப் பாருங்க. 2022ல ரஷ்யா மேல பறக்க முடியாமப் போனதும் ஹெல்சிங்கி – டோக்கியோ ஒன்பது ஒன்பதரை மணி நேரம் இருந்தது சுமார் 13 ஆச்சு. ஊர் நகரல, தூரம் மாறல.

உலக உருண்டை | 15 மார்ச், மதியம் 3:33

எடிசன் கல்யாணத்துக்கு ஜேஎஃப்கே டிக்கெட் எடுக்கலாமான்னு தம்பி தனிச்செய்தியில கேட்டதுக்குப் பொதுவுலயே பதில், மத்தவங்களுக்கும் உதவும். கல்யாணம் எடிசன்லன்னா ஜேஎஃப்கே ஏன் பாக்கறீங்க? நேவார்க்குக்கும் நேரடி விமானம் இருக்கு. மேப்ல பாத்தா ரெண்டுக்கும் சிங்கப்பூர்லேர்ந்து தூரத்துல வித்தியாசம் அஞ்சு கிமீ. தரையில இறங்கினப்புறம்தான் தெரியும். ஜேஎஃப்கேலேர்ந்து எடிசன்னா வெரசானோ பாலம், ஸ்டேட்டன் தீவு, கோத்தல்ஸ் பாலம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டினீங்கன்னா ஆகாசத்துல மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் அங்க போயிடும். நேவார்க்ல விமான நிலையத்துக்குன்னே ரயில் ஸ்டேஷன் இருக்கு, நார்த்ஈஸ்ட் காரிடார் வண்டி பிடிச்சா எடிசன்லயோ மெட்ரோபார்க்லயோ இறங்கிக்கலாம். பெட்டி நிறைய இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையே வரச் சொல்லுங்க, அதுக்குத்தானே இருக்காங்க.

உலக உருண்டை | 15 மார்ச், மதியம் 3:50

அப்புறம் இன்னொண்ணு, நேவார்க் விமானம் சாங்கியில ராத்திரி கிளம்பி அங்க விடியக்காலம் போய்ச் சேரும். காலங்காத்தால யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது, வரேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஓட்டல்னா மூணு மணிக்கு முன்னாடி ரூம் தர மாட்டாங்க, முதல் நாள் ராத்திரிக்கும் சேர்த்து புக் பண்ணினாத்தான் போனதும் படுக்கலாம். ஜேஎஃப்கே விமானம் சாயங்காலம் இறங்கும், நேரா தூங்கிடலாம், ஜெட் லாக்குக்கு அது நல்லது. ரெண்டுல எதுன்னு வீட்ல கேட்டு முடிவு பண்ணுங்க, கூட வர்றவங்க தூக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது.